சதையிக்கானின் கதை: பிறவி வேறுபாடு நோயெனக் கருதப்பட்ட வரலாறு

மனித உடலின் உறுப்புக்களுள் மிக நீண்டகாலம் மருத்துவரின் கவனத்துக்கு எட்டாதிருந்தவற்றுள் சதையியும் ஒன்றாகும். தமிழகத்திலே கணையம் என வழங்கும் இவ்வுறுப்பு, முன்சிறுகுடலின் வளைவிலே தன் தலையையும் மண்ணீரலின் அருகே தன் வாலையும் வைத்து, இரைப்பைக்குப் பின்னே குறுக்காகக் கிடப்பது. பண்டைக் கிரேக்க மருத்துவர் இதற்கு 'முழுதும் சதை' எனப் பொருள்படும் பெயரை இட்டனர். சதையி என்னும் தமிழ்க் கலைச்சொல்லும் அக்கருத்தையே தாங்கி நிற்கின்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், அயலிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களைத் தாங்கிக் காக்கும் மெத்தையாகவே இதனைக் கருதினார். இது சமிபாட்டுக்குரிய சாற்றைச் சுரக்கின்றது என்பதும், அச்சாற்றைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் கான் ஒன்று இதனுள்ளே நெடுகிலும் ஓடுகின்றது என்பதும் அவருக்குப் பின் ஏறத்தாழ 1500 ஆண்டுகள் வரை எவராலும் தெளிவாக எடுத்துக் காட்டப்படவில்லை.

கான் கண்டறியப்பட்ட பின்னரும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. அக்கான் எல்லா மனிதரிடத்தும் ஒரே வகையாய் அமைவதில்லை. சிலரிடம் அது ஒன்று, சிலரிடம் இரண்டு. சிலரிடம் சதையி குடலைச் சுற்றி வளையமாய் அமைந்துவிடுகின்றது. வேறு சிலரிடம் அதன் கான் பித்தக்கானோடு கூடவேண்டாத இடத்திலே கூடிவிடுகின்றது. இவை யாவும் பிறப்பிலேயே அமைபவை. இவற்றுள் எவை நோய், எவை வெறும் வேறுபாடு, எவற்றைத் தீண்டலாம், எவற்றைத் தீண்டலாகாது என்னும் வினாக்களுக்கு மருத்துவம் விடை தேடிய வரலாறு, அறிவு எவ்வாறு வளர்கின்றது என்பதற்கும் எவ்வாறு வழிதவறுகின்றது என்பதற்கும் தக்கதொரு சான்றாக அமைந்துள்ளது.

பாடுவாவின் செப்புத்தகடு

1642 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள், இத்தாலியின் பாடுவா நகரிலுள்ள சான் பிரான்செஸ்கோ வைத்தியசாலையிலே, கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஓர் இளைஞனின் உடல் அறுத்துச் சோதிக்கப்பட்டது. அறுத்தவர் யோகான் கேயார்க் வியர்சுங் என்னும் யேர்மனியர். ஒளக்ஸ்பேர்க் நகரிலே பிறந்த இவர், கல்வியின் பொருட்டுப் பாடுவாவுக்கு வந்து அங்கேயே தங்கியவர். சதையியின் சதையை விலக்கியபோது அதனுள்ளே வாலிலிருந்து தலைவரை செல்லும் ஒரு கானை அவர் கண்டார். கண்டதை நூலாக எழுதாது செப்புத்தகட்டிலே பொறித்து, அதிலிருந்து எடுத்த படப் பிரதிகளை ஐரோப்பாவின் புகழ்பெற்ற உடலமைப்பியலாளர் சிலருக்கு அனுப்பினார்.

தாம் கண்டது யாது என்பது வியர்சுங்குக்கே விளங்கவில்லை. பாரிஸ் நகரப் பேராசிரியர் ரியோலானுக்கு 1643 ஆம் ஆண்டிலே எழுதிய கடிதத்தில், அதனை நாடி என்பதா, நாளம் என்பதா என அவர் வினவினார். அதனுள்ளே ஒருபோதும் இரத்தத்தைக் காணவில்லை என்றும், கலங்கிய ஒரு திரவத்தையே கண்டதாகவும் அறிவித்தார். அறியாததை அறியாததென்று கூறி, அறிந்தோரிடம் விளக்கம் கேட்ட இக்கடிதம் அக்கால அறிஞர் பலரிடம் காணப்படாத நேர்மையைப் புலப்படுத்துவதாகும்.

விடை கிடைத்து அவர் தமது ஆய்வைத் தொடரக் காலம் இடங்கொடுக்கவில்லை. 1643 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 ஆம் நாள் இரவு, தமது வீட்டு வாயிலருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தனிப்பட்ட பகையே கொலைக்குக் காரணமெனக் கருதப்படுகின்றது. அவர் இறந்து ஐந்து ஆண்டுகளின் பின்னர், அவரோடு பாடுவாவிலே பயின்ற மொரிற்ஸ் ஹொவ்மன் என்பவர், அக்கானை 1641 ஆம் ஆண்டிலே வான்கோழி ஒன்றில் முதலிற் கண்டவர் தாமே எனவும், தாம் காட்டிய பின்னரே வியர்சுங் அதனை மனித உடலிலே தேடினார் எனவும் உரிமை கோரினார். எனினும் கான் இன்றும் வியர்சுங்கின் பெயராலேயே வழங்குகின்றது.

வியர்சுங்கின் படத்தால் மற்றொரு விளைவும் உண்டாயிற்று. அப்படத்திற் பிரதான கான் ஒன்றே மேலோங்கி நின்றது. பின்வந்தோர் மனத்திலே 'சதையிக்கு ஒரு கான்' என்னும் கருத்து இயற்கையின் விதி போல நிலைபெற்றது. மிகச் சில உடல்களிற் கண்ட அமைப்பு மனிதர் அனைவருக்கும் உரிய அமைப்பாக ஏற்கப்பட்டது. இதற்கு வேறானவை விகற்பங்களாகக் கொள்ளப்படுவதற்கு அடித்தளம் அன்றே இடப்பட்டதெனலாம்.

கானின் தொழில் துலங்குவதற்கும் அதிக காலம் செல்லவில்லை. 1664 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தின் லெய்டன் நகரில் மாணவராயிருந்த றெனியர் டி கிராவ், நாயொன்றின் சதையிக்கானிலே தாரா இறகின் காம்பைச் செருகி, அதன் வழியே வடிந்த சாற்றைச் சேகரித்தார். அப்போது அவருக்கு வயது 23. ஆயினும் அச்சாறு உணவிலுள்ள கொழுப்பைச் சமிக்கச் செய்கின்றது என்பதை நிலைநாட்ட, 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரான்சிய உடற்றொழிலியலாளர் குளோட் பேர்னாட்டின் ஆய்வுகள் தேவைப்பட்டன.

இரண்டாவது கானும் இரு முளைகளும்

வெனிஸ் நகர உடலமைப்பியலாளரான சன்டொரினி 1737 ஆம் ஆண்டில் இறந்தார். அவர் வரைவித்திருந்த படங்கள் 1775 ஆம் ஆண்டிலேயே நூலுருப் பெற்றன. அவற்றிலே சதையிக்கு இரண்டு கான்கள் காட்டப்பட்டிருந்தன. வியர்சுங்கின் கான் பித்தக்கானோடு சேர்ந்து முன்சிறுகுடலின் பெரிய முனைப்பிலே திறப்பது. மற்றையது அதற்குச் சற்று மேலேயுள்ள சிறிய முனைப்பிலே தனியே திறப்பது. இரண்டாவது கான் இடையிடையே பிறராற் காணப்பட்டிருந்தபோதிலும், அதனை இயல்பான அமைப்பின் ஓர் அங்கமாக நிறுவியவர் சன்டொரினியே. ஒரு நூற்றாண்டின் முன் விகற்பமாய்த் தோன்றியது அவரால் இயல்பின்பாற் சேர்க்கப்பட்டது.

இரு கான்கள் ஏன் அமைந்தன என்பதற்கு உடலை அறுப்போரால் விடைகூற இயலவில்லை. விடை முளையவியலிலிருந்து வந்தது. தாயின் கருவிலே சதையி ஒரே உறுப்பாகத் தோன்றுவதில்லை. குடலின் முதுகுப்புறத்திலிருந்து ஒரு முளையும் வயிற்றுப்புறத்திலிருந்து ஒரு முளையுமாக அது இரண்டாகத் தோன்றுகின்றது. ஏழாம் வாரமளவில் வயிற்றுப்புற முளை குடலோடு சுழன்று பின்னே சென்று முதுகுப்புற முளையோடு ஒட்டிக்கொள்கின்றது. அப்போது இரண்டின் கான்களும் ஒன்றோடொன்று இணைகின்றன. சதையியின் பெரும்பகுதி முதுகுப்புற முளையிலிருந்தே உருவாகின்றதாயினும், அதன் சாறு இவ்விணைப்பின் வழியே வயிற்றுப்புற முளைக்குரிய பெரிய வாயிலால் வெளியேறுகின்றது. பழைய வழி சுருங்கி, சன்டொரினியின் கானாக எஞ்சுகின்றது.

இவ்விளக்கம் கிடைத்ததும், தனித்தனியே வியப்புக்குரியனவாய்க் கிடந்த பிறவி வேறுபாடுகள் ஓர் ஒழுங்கினுள் வந்தன. முளைகள் ஒட்டியும் கான்கள் இணையாதுவிடின் அது பிரிந்த சதையி. வயிற்றுப்புற முளை முறையாகச் சுழலாது குடலைச் சுற்றி வளைத்துக்கொள்ளின் அது வளையச் சதையி. உருவாக்கத்திலே ஒரு படி தவறியதன் அடையாளமாகவே ஒவ்வொரு வேறுபாடும் நோக்கப்படலாயிற்று.

பிரிந்த சதையியை 1859 ஆம் ஆண்டில் விவரித்தவர் வியன்னா நகரப் பேராசிரியர் யோசெவ் ஹேர்ட்ல். உடலிலுள்ள குழாய்களிலே உறையும் பொருளை நிரப்பிய பின்னர் சதையைக் கரைத்தகற்றி, குழாய்களின் அச்சுருவை மட்டும் எஞ்சவைக்கும் கலையில் அவர் வல்லவர். அவ்வச்சுருக்களிலே இரு கான்களும் ஒன்றையொன்று தொடாது நின்றன. ஆயினும் அவர் விவரித்தது ஓர் அமைப்பையேயன்றி நோயையன்று. அதனோடு வாழ்ந்தவர் துன்புற்றாரா, இன்புற்றாரா என்பதை அச்சுரு கூறாது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, பிரிந்த சதையி உடலமைப்பியல் நூல்களிலே ஒரு சிறு குறிப்பாகவே கிடந்தது.

வளையமும் அறுவையும்

வளையச் சதையியின் வரலாறு இதனின்றும் வேறானது. 1818 ஆம் ஆண்டிலே தீடமான் என்பவரால் விவரிக்கப்பட்டு, 1862 ஆம் ஆண்டில் எக்கர் என்பவராற் பெயரிடப்பட்ட இவ்வமைப்பு, சிலரிடம் யாதொரு துன்பமுமின்றி வாழ்நாள் முழுதும் மறைந்திருக்கும். ஆயின் வளையம் குடலை இறுக்கும்போது, பிறந்த குழந்தை முதல் நாட்களிலேயே குடித்த பாலை வாந்தி எடுக்கும். அக்குழந்தைக்கு உணவு செல்ல வழியில்லை. இங்கு, தீண்டுவதா விடுவதா என்னும் விவாதத்துக்கு இடமில்லை.

1905 ஆம் ஆண்டிலே விடால் என்னும் அறுவை மருத்துவர், இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்து இத்தடையைக் கடந்தார். பின்னர் வந்த சிலர், தடையாய் நிற்பது வளையமாதலின் வளையத்தையே வெட்டிவிட எண்ணினர். பார்வைக்கு இது நேரிய வழியாகத் தோன்றினும் விளைவு தீதாயிற்று. வளையத்தினூடே கான் ஒன்று ஓடுகின்றது. அது அறுபட்டதும் சாறு கசிந்து, ஆறாத புண்வழிகளும் சதையி அழற்சியும் உண்டாயின. அத்தோடு, வளையத்தின் கீழுள்ள குடலே பல குழந்தைகளிடம் குறுகியிருந்தமையால், வளையத்தை அகற்றியும் வழி திறக்கவில்லை. எனவே வளையத்தைத் தொடாது, அதற்கு மேலும் கீழுமுள்ள குடற்பகுதிகளை ஒன்றோடொன்று பொருத்தும் முறையே நிலைபெற்றது. கானின் அமைப்பை அறிந்தமையே மருத்துவரின் கத்திக்கு எல்லை வகுத்ததென்பது இங்கு நோக்கற்பாலது.

நோயை அறியும் முறையும் எளிதாயிற்று. எக்ஸ் கதிர்ப் படத்திலே இரைப்பையிலும் முன்சிறுகுடலின் தொடக்கத்திலுமாக இரு காற்றுக் குமிழிகள் தோன்றுதல் மேற்பகுதித் தடைக்குரிய அடையாளமாகும். இன்று கழியொலிப் படத்தின் துணையால் குழந்தை கருவிலிருக்கும்போதே இதனை ஐயுற முடிகின்றது.

உயிருள்ள உடலிற் கண்ட கான்

வளையத்தைப் போலன்றிப் பிரிந்த கான் உயிருள்ளோரிடம் வெளியே புலப்படுவதற்கு வழியேதும் இருக்கவில்லை. அதனைக் காண மரணம் அல்லது அறுவை தேவைப்பட்டது. இந்நிலையை மாற்றியது உள்நோக்குக் குழாயின் வளர்ச்சியாகும். 1968 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் மக்கூனும் அவருடைய துணைவரும் வாய்வழியே செலுத்திய குழாயைக் குடல்வரை கொண்டுசென்று, முனைப்பின் துவாரத்திலே நுண்குழாயைச் செருகி, எக்ஸ் கதிருக்குப் புலப்படும் திரவத்தை ஏற்றிப் படமெடுத்தனர். அடுத்துவந்த ஆண்டுகளிலே யப்பானிய மருத்துவர்கள், குறிப்பாக ஒயி, பக்கவாட்டிற் பார்க்கத்தக்க கருவியைக் கொண்டு இம்முறையைச் செப்பமாக்கினர். 1974 ஆம் ஆண்டில் யேர்மனியிலே கிளாசன், டெம்லிங் ஆகியோரும் யப்பானிலே கவாயும் அதே குழாயின் வழியே சிறு கத்தியைச் செலுத்தி வாயிலின் இறுக்குதசையை வெட்டிக் காட்டினர். காணும் கருவி வெட்டும் கருவியுமாயிற்று.

இக்கருவியாற் புதிய மயக்கமும் எழுந்தது. பிரிந்த சதையி உடையவரின் பெரிய முனைப்பிலே திரவத்தை ஏற்றினால், வயிற்றுப்புற முளைக்குரிய குறுகிய கான் மட்டுமே தோன்றும். அவ்வமைப்பை அறியாத கண்ணுக்கு அது புற்றுநோயால் அடைபட்ட கான் போலக் காட்சியளிக்கும். நூலின் ஓரத்திலே கிடந்த சிறு குறிப்பை அறிந்தவர்க்கும் அறியாதவர்க்கும் இடையே நோயாளியின் விதியே மாறக்கூடும் என்னும் நிலை உருவாயிற்று.

மேலும், சதையி அழற்சியால் மீண்டும் மீண்டும் துன்புற்றோரிடம் இவ்வமைப்பு அடிக்கடி காணப்படுவதாகத் தோன்றிற்று. இலண்டனிலே பணியாற்றிய கொட்டன் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையிற் பெருந்தாக்கத்தை ஏற்படுத்தியது. காரணம் புலப்படாத சதையி அழற்சி உடையோரில் நால்வரில் ஒருவர் அளவிலே பிரிந்த சதையி காணப்பட, பித்தவழி நோயுடையோரில் 100 இற்கு 4 பேரளவிலேயே அது காணப்பட்டது. சாற்றின் பெரும்பகுதி சிறிய வாயிலின் வழியே வெளியேற நேர்வதால் அழுத்தம் கூடி அழற்சி எழுகின்றது என்பது விளக்கம். இவ்விளக்கம் பொருத்தமானதாகவும் அறிவுக்கு இசைவதாகவும் இருந்தது. அதன் வழியே சிகிச்சையும் பிறந்தது: சிறிய வாயிலைப் பெரிதாக்குக. அமெரிக்காவில் வோர்ஷோ முதலியோர் அறுவை முறையாலும், வேறு பலர் உள்நோக்குக் குழாயின் வழியாகவும் இதனைச் செய்தனர்.

எதிர்வாதமும் உடனே எழுந்தது. உடல்களை அறுத்து ஆராய்ந்தோரின் கணக்கின்படி மேனாட்டவரில் 100 இற்கு 5 முதல் 10 பேர்வரை பிரிந்த சதையியோடு பிறக்கின்றனர். அவர்களுள் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அதனை அறியாமலே வாழ்ந்து முடிகின்றனர். அவ்வாறாயின் அழற்சியுடையோரிடம் அதனைக் காண்பது காரணத்தைக் காண்பதாகுமா? வலியுடையோரே இப்பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர்; வலியற்றோர் மருத்துவரிடம் வரவேயில்லை. ஒருபுறத்தாரை மட்டும் எண்ணி முடிவு கூறுவதிலுள்ள இடர்ப்பாடு வரலாற்று மாணவருக்கும் நன்கு தெரிந்ததே. பரிசோதனையும் தீங்கற்றதன்று. அதற்கு உட்படுவோரில் 100 இற்கு 3 முதல் 10 பேர்வரை அதனாலேயே சதையி அழற்சிக்கு ஆளாகின்றனர். நோயைத் தேடும் கை நோயை விளைவிக்கவும் கூடும்.

எண்ணிக்கையின் தீர்ப்பு

1992 ஆம் ஆண்டிலே 19 நோயாளரைக் கொண்ட சிறிய ஒப்பீட்டாய்வொன்று வெளிவந்தது. சிறிய வாயிலிற் குழாய் வைக்கப்பட்டோர் பெரும்பாலும் நலமடைய, வைக்கப்படாதோர் தொடர்ந்து துன்புற்றனர். இம்முடிவு ஊக்கமளித்ததாயினும், தாம் சிகிச்சை பெற்றோம் என்னும் எண்ணமே நோயாளரின் வலியைக் குறைத்திருக்கலாம் என்னும் ஐயத்தை அதனால் அகற்ற இயலவில்லை.

இதற்கிடையே காணும் முறை மாறியது. 1991 ஆம் ஆண்டளவிற் காந்தப் பரிவுப் படத்தின் மூலம், நுண்குழாயோ திரவமோ செலுத்தாது கான்களைக் காணும் முறை அறிமுகமாயிற்று. 1902 ஆம் ஆண்டிலே இலண்டனில் பேலிஸ், ஸ்ராலிங் ஆகிய இருவரும் கண்டறிந்த செக்கிரிற்றின் என்னும் ஓமோன், சதையியைச் சாறு சுரக்கத் தூண்டுவது. படமெடுக்குமுன் இதனை ஏற்றினால் கான்கள் நிறைந்து தெளிவாகத் தோன்றுகின்றன. சமிபாட்டின் இரகசியத்தை அறியும் ஆவலாற் கண்டெடுக்கப்பட்ட பொருள், 90 ஆண்டுகள் கடந்து பிறிதொரு துறைக்கு உதவியமை குறிப்பிடத்தக்கது.

விளக்கமும் மாறியது. 2012 ஆம் ஆண்டிலே பிரான்சிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், காரணம் புலப்படாத அழற்சியுடையோரில் பரம்பரையலகு விகாரம் இல்லாதோரிடம் பிரிந்த சதையி பொதுமக்களிடமுள்ள அளவிலேயே காணப்பட்டது. உப்பும் நீரும் சுரப்பதோடு தொடர்புடைய ஒரு பரம்பரையலகிலே விகாரம் உடையோரிடமோ ஏறத்தாழ அரைவாசிப்பேரிடம் அது காணப்பட்டது. பிரிந்த கான் தனித்து நின்று நோயை விளைப்பதில்லை, பிறிதொரு குறையோடு சேரும்போதே துணைக்காரணமாகின்றது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

இறுதியாக, அமெரிக்காவிலும் கனடாவிலும் 148 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2025 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்குச் சிறிய வாயில் வெட்டப்பட்டது; மற்றைப் பிரிவினருக்கு வெட்டுவது போன்ற பாவனை மட்டும் செய்யப்பட்டது. தாம் எப்பிரிவைச் சேர்ந்தோர் என்பது நோயாளருக்குத் தெரியாது. பின்னர் வெட்டப்பட்டோரில் 100 இற்கு ஏறத்தாழ 35 பேருக்கும் வெட்டப்படாதோரில் 44 பேருக்கும் அழற்சி மீண்டும் வந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது என்பதே கணிப்பு. பல தசாப்தங்களாகப் பலருக்குச் செய்யப்பட்ட சிகிச்சை பயனுடையதென நிறுவப்படவில்லை. ஒன்றும் செய்யாத பிரிவிலும் அரைவாசிக்கு மேற்பட்டோருக்கு நோய் மீளவில்லை என்பதை நோக்கும்போது, முன்னைய மருத்துவர்கள் தம் சிகிச்சையின் வெற்றியெனக் கண்டவற்றுட் பல நோயின் இயல்பான போக்கேயாதல் கூடும்.

மௌனமான தீங்கு

இதனைக் கொண்டு, துன்பம் தராத பிறவி வேறுபாடுகள் யாவற்றையும் விட்டுவிடலாம் என முடிவுகட்டுவதும் பிழையாகும். சதையிக்கானும் பித்தக்கானும் இயல்பாகக் குடற்சுவரினுள்ளே, இறுக்குதசையின் கட்டுப்பாட்டின் கீழ்க் கூடுகின்றன. அத்தசையைப் பற்றி 1887 ஆம் ஆண்டில் விரிவாக எழுதியவர் இத்தாலியின் பெருஜியாப் பல்கலைக்கழகத்திலே அப்போது மாணவராயிருந்த ஒட்டி என்பவர். சிலரிடம் இக்கூட்டம் சுவருக்கு வெளியே, தசையின் ஆட்சிக்கு அப்பால் நிகழ்கின்றது. அப்போது அழுத்தம் மிகுந்த சதையிச் சாறு பித்தக்கானுட் பாய்கின்றது. பித்தக்கான் வீங்கிப் பை போலாவதற்கு இதுவே காரணமென 1969 ஆம் ஆண்டிலே பபிற் என்பவர் விளக்கினார்.

இதன் முழு விளைவையும் வெளிக்கொணர்ந்த பெருமை பெரும்பாலும் யப்பானிய மருத்துவருக்கு உரியது. அந்நாட்டிலும் பிற கிழக்காசிய நாடுகளிலும் இவ்வமைப்பு ஒப்பளவிற் கூடுதலாகக் காணப்படுகின்றது. இதனை உடையோரை நெடுங்காலம் தொடர்ந்து அவதானித்தபோது, பித்தப்பையிலும் பித்தக்கானிலும் புற்றுநோய் மிகுதியாகத் தோன்றுவது தெரியவந்தது. முன்னர் வீங்கிய பையை அகற்றாது குடலோடு இணைத்துவிடுவதே வழக்கமாயிருந்தது. அவ்வாறு விடப்பட்ட பையிலே ஆண்டுகள் பல கழிந்தபின் புற்றுநோய் தோன்றக் கண்டமையால் அம்முறை கைவிடப்பட்டு, பையை முற்றாக அகற்றும் முறை மேற்கொள்ளப்பட்டது. கான் வீங்காதோரிடமும் வலி தோன்றுமுன்னரே பித்தப்பையை அகற்றுதல் விதியாயிற்று.

பிரிந்த சதையியிலே வலியுள்ளோர்க்கும் சிகிச்சை பயனுடையதென நிறுவ இயலவில்லை. இக்கூட்டத்திலோ வலியற்றோர்க்கும் சிகிச்சை வேண்டப்படுகின்றது. வளையத்திலே குடல் அடைபட்டதா என்பதே வினா. மூன்றும் கருவிலே ஒரே உறுப்பின் உருவாக்கத்தோடு தொடர்புடையவை. எனினும் மூன்றுக்கும் தீர்ப்பு மூன்று வகையாயிற்று. இவற்றை வேறுபடுத்தி அறிய உடலமைப்பியலின் படமும் முளையவியலின் விளக்கமும் போதவில்லை. அவ்வமைப்புடையோர் எவ்வாறு வாழ்ந்தனர், எதனால் இறந்தனர் என்பதைப் பொறுமையாகப் பல ஆண்டுகள் எண்ணிக் கணக்கிட்ட பின்னரே அறிவு தெளிந்தது.

வியர்சுங் முதல் இன்றைய ஆய்வாளர் வரையான ஏறத்தாழ 380 ஆண்டு வரலாற்றிலே, காணும் ஆற்றல் எப்போதும் புரியும் ஆற்றலை முந்திச் சென்றிருக்கின்றது. ஒவ்வொரு புதிய கருவியும் முன்பு காணாததைக் காட்டிற்று. காட்டியதும் அதற்கு ஒரு நோய்ப்பெயரும், பெயரைத் தொடர்ந்து ஒரு சிகிச்சையும் வந்தன. அச்சிகிச்சை வேண்டியதுதானா என்னும் கேள்வி பெரும்பாலும் கடைசியிலேயே கேட்கப்பட்டது. இன்று வேறெந்தக் காரணத்துக்கோ வயிற்றைப் படமெடுக்கும் ஒருவரிடம் பிரிந்த கான் தற்செயலாகத் தோன்றலாம். அவருக்கு அதனை எவ்வாறு எடுத்துரைப்பது என்னும் பொறுப்பு மருத்துவரைச் சார்ந்தது. தாம் கண்டது யாதென அறியாது, அதனை வெளிப்படையாகக் கூறி வினவிய அப்பாடுவா நகர உடலமைப்பியலாளரின் கடிதம் அப்பொறுப்பை ஏற்போருக்கு இன்றும் பயன்படத்தக்கதாகும்.